ரெட்லிக்கீடா வரிசை டிரைலோபைட்டுகள்: உடலமைப்பை வாசித்து வகைப்படுத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

டிரைலோபைட்டுகள் பழங்கடல்களில் வாழ்ந்து அழிந்துபோன கணுக்காலிகள்; தலைக்கவசம், துண்டுகளாலான மார்பு, வால்தட்டு என மூன்று பகுதிகளைக் கொண்டது அவற்றின் ஓடு. அவற்றின் புதைபடிவங்கள் பாறையில் முதன்முதலாகத் தென்படுவது ஏறத்தாழ 52 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கேம்பிரியன் காலத்தின் உட்பிரிவுகளுள் ஒன்றான இரண்டாம் தொடர் தொடங்கும் கட்டத்தில்தான். சைபீரியாவில் புரோஃபாலோடாஸ்பிஸ், மொராக்கோவின் அட்லஸ் மலைகளில் ஃபாலோடாஸ்பிஸ் என, கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் பலவும் ரெட்லிக்கீடா என்னும் ஒரே வரிசையில் அடக்கப்படுகின்றன. அவ்வரிசை இரு துணைவரிசைகளாகப் பிரியும்: ஓலெனெல்லினா ஒன்று, ரெட்லிக்கீனா மற்றொன்று. கையிலிருக்கும் ஒரு புதைபடிவத்தின் ஒவ்வொரு பகுதியையும் எந்த வரிசைமுறையில் பார்க்க வேண்டும், பார்த்ததைக் கொண்டு அதைத் துணைவரிசை, மேற்குடும்பம், குடும்பம் என எந்த அளவு வரை பெயரிடலாம் என்பதை இவ்வழிகாட்டி விளக்குகிறது. இவற்றுள் ஓலெனெல்லினாவின் ஆகப் பெரிய அடையாளம் ஓர் உறுப்பின் இருப்பு அன்று, தலைக்கவசத்தின் மேற்புறத்தில் ஒரு கோட்டின் இன்மை. இல்லாத ஒன்றைச் சான்றாகக் கொள்வதில் உள்ள சிக்கல் இவ்வகைப்பாடு முழுவதிலும் ஊடுருவி நிற்பதால், தொடக்கத்திலேயே அதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

படி 1: மாதிரியை ஆயத்தப்படுத்துதல்

முதலில், பார்ப்பது ஓட்டின் வெளிப்புறமா, உட்புற அச்சா, அல்லது வெளிப்புறத்தின் எதிர்ப்பதிவா என்று தீர்மானிக்க வேண்டும். எதிர்ப்பதிவில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். அதிலிருந்து வார்ப்பு எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. பாறை பிளந்தபோது கிடைத்த இரு முகங்களையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும், ஏனெனில் முள்ளின் நுனியும் கண்மேட்டின் விளிம்பும் பெரும்பாலும் மறுமுகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒளியை இடப்பக்க மேல் மூலையிலிருந்து தாழ்ந்த கோணத்தில் விழச் செய்வது இத்துறையின் நெடுநாள் வழக்கம். நுண்ணிய வரிப்பள்ளங்கள் தெளிவாக வேண்டுமெனில், மேற்பரப்பில் கருநிறப் பூச்சிட்டு, அதன்மேல் அம்மோனியம் குளோரைடின் வெண்புகையைப் படியவிட்டுப் படமெடுப்பார்கள். மாதிரி எந்தப் பாறை அடுக்கின் எந்த மட்டத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லையென்றால், எவ்வளவு அழகான மாதிரியாக இருந்தாலும் அதன் மதிப்பில் பாதி போய்விட்டது என்றே கருதலாம்.

படி 2: உரித்த ஓடா, இறந்த உடலா

டிரைலோபைட்டுகள் வளர்வதற்காக ஓட்டை மீண்டும் மீண்டும் உரித்தன. ஆகவே அருங்காட்சியகங்களில் இருப்பவற்றுள் பெரும்பகுதி உரித்த ஓடுகளும் அவற்றின் துண்டுகளுமே. தலைக்கவசம் மார்புப்பகுதியிலிருந்து விலகியோ திரும்பியோ கிடந்தாலும், தலையின் ஓரத்துண்டுகள் காணாமற்போயிருந்தாலும், அது உரித்த ஓடாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஓடு எந்தக் கோட்டின் வழியே பிரிந்தது என்பதே அடுத்த படிக்கு அடிப்படை என்பதால், இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்லக் கூடாது.

படி 3: முகத் தையற்கோட்டைத் தேடுதல்

பெரும்பாலான டிரைலோபைட்டுகளின் தலைக்கவசத்தின் மேற்புறத்தில், ஒவ்வொரு பக்கமும் கண்ணின் பார்வைப் பரப்பை ஒட்டிச் செல்லும் ஒரு மெல்லிய கோடு உண்டு. உரிக்கும்போது ஓடு அக்கோட்டின் வழியே பிளந்து, ஓரமாக உள்ள அசையும் கன்னம் தனியே கழன்றுவிடும். நடுவிலுள்ள கிளபெல்லா என்னும் மேடும் அதை ஒட்டிய நிலையான கன்னமும் ஒரே துண்டாக எஞ்சும். இதுவே முகத் தையற்கோடு.

ரெட்லிக்கீனா துணைவரிசையில் இக்கோடு உண்டு. அதன் பின்கிளை தலையின் பின்விளிம்பில் போய் முடிவதால், கன்னமூலையிலுள்ள முள் அசையும் கன்னத்துடன் சேர்ந்தே கழலும். ரெட்லிக்கியா பேரினத்தில் முன்கிளை கண்ணிலிருந்து கிளம்பியவுடன் பக்கவாட்டில் வெகுதூரம் விரிந்து, ஏறக்குறையக் கிடைமட்டமாக ஓடுகிறது. இந்த ஒரு விவரம் போதும், உடைந்த தலைத்துண்டைக் கொண்டே அப்பேரினத்தை ஊகிக்க.

ஓலெனெல்லினாவில் மேற்புறத்தில் இக்கோடு கிடையாது. தலைக்கவசம் கன்னத்தோடும் முள்ளோடும் ஒரே தட்டாகவே கிடைக்கும். இதைச் சோதிப்பதற்கு ஒரே மாதிரியை உற்றுப் பார்ப்பதைவிட, ஒரே அடுக்கிலிருந்து வந்த பல தலைகளை வரிசையாக வைப்பதே நம்பகமான வழி. அத்தனையும் முழுத்தட்டாக இருந்து, தனியாகக் கழன்ற கன்னம் ஒன்றுகூட இல்லையெனில், கோடு உண்மையிலேயே இல்லை என்று கொள்ளலாம். ஒரு தலையில் மட்டும் கோடு தெரியாமலிருப்பது தேய்மானத்தாலோ, ஓட்டின் மேல்படலம் உரிந்துபோனதாலோ நேர்ந்திருக்கக்கூடும்.

கோடு இல்லாத டிரைலோபைட்டுகள் அனைத்தும் ஓலெனெல்லினா ஆகிவிடா என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மிகச் சிறிய உடல் கொண்ட அக்னோஸ்டினா குழுவிலும் முகத் தையற்கோடு இல்லை. ஆனால் அவற்றின் மார்பில் இரண்டே துண்டுகள். வால்தட்டு தலைக்கவசத்துக்கு நிகரான அளவுடையது. ஓலெனெல்லினாவின் உடலமைப்போ இதற்கு நேர்மாறு. ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை, முழு உடல் கிடைத்திருந்தால்.

படி 4: கிளபெல்லாவும் கண்மேடும்

தலையின் நடுவே நீளவாக்கில் உயர்ந்திருக்கும் மேடே கிளபெல்லா. அதன் குறுக்கே ஓடும் பள்ளங்கள் அதைப் பல மடல்களாகப் பிரிக்கின்றன. பின்னிருந்து முன்னோக்கி எண்ணுவதே முறை: முதலில் பிடரி வளையம், அதன்பின் முதலாம், இரண்டாம், மூன்றாம் மடல்கள், எல்லாவற்றுக்கும் முன்னே முன்மடல். இந்த எண்ணும் முறையில் ஒரு மடல் தவறினாலும் பிற்பாடு எழுதும் விவரணை முழுவதும் பிறழும் என்பதால், பிடரி வளையத்தை உறுதிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

கண்மேடு என்பது பிறைபோல் வளைந்து கிளபெல்லாவின் பக்கவாட்டில் கிடக்கும் நீண்ட புடைப்பு. இக்குழு முழுவதிலும் அது முன்மடலை ஒட்டித் தொடங்கிப் பின்னோக்கி வளைகிறது. பிற்காலத்து டிரைலோபைட்டுகள் பலவற்றில் கண் கிளபெல்லாவிலிருந்து விலகித் தனியே நிற்பதை இத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு உடனே புலப்படும். அந்தப் புடைப்பின் வெளிப்புறத்தில்தான் பார்வைப் பரப்பு இருந்தது. ஓலெனெல்லினாவில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை: கண்ணைச் சுற்றியிருந்த தனிக்கோட்டின் வழியே அது கழன்று விழுந்துவிடும். எஸ்தோனியாவில் கிடைத்த ஷ்மிட்டியெல்லஸ் ரீட்டே என்னும் இனத்தின் தேய்ந்த கண்ணில் உட்கட்டமைப்பே வெளிப்பட்டிருந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வு, இன்றைய பூச்சிகளின் கூட்டுக்கண்ணுக்கு அடிப்படையான அமைப்பு அப்போதே இருந்ததைக் காட்டியது.

கண்மேடு முன்மடலின் எந்தப் பகுதியில் ஒட்டுகிறது என்பதைக் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஓலெனெல்லினாவின் இரு மேற்குடும்பங்களும் பிரிவது இங்கேதான். ஃபாலோடாஸ்பிடாய்டியாவில் அது முன்மடலின் பக்கவிளிம்பு ஏறக்குறைய முழுவதையும் தொடுகிறது. ஓலெனெல்லாய்டியாவில் முன்மடலின் பின்மூலையை மட்டுமே தொடுகிறது. முன்மடலும் பருத்து, உருண்டு, கண்மேட்டிலிருந்து விடுபட்டு முன்னே நிற்கிறது.

கிளபெல்லாவின் ஒட்டுமொத்த வடிவம் இரண்டாவது சான்று. நெவாடியாவிலும் அதன் உறவினங்களிலும் அது முன்னோக்கி ஒடுங்குகிறது. ஓலெனெல்லஸில் உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கி முன்னே விரிகிறது. இரண்டாம், மூன்றாம் மடல்களுக்கு இடையிலான பள்ளம் ஓரம் வரை எட்டாததால் அம்மடல்கள் பக்கவாட்டில் இணைந்தே காணப்படும். ரெட்லிக்கியாவில் கிளபெல்லா முன்னோக்கிச் சீராக ஒடுங்க, அதே துணைவரிசையைச் சேர்ந்த பாரடாக்சைடிஸில் முன்னே அகன்று பருக்கிறது. ஆகவே வடிவத்தை மட்டும் பார்த்தால் ஓலெனெல்லஸும் பாரடாக்சைடிஸும் நெருங்கிய உறவு என்று தோன்றும்; தையற்கோடு அதை மறுக்கிறது. ஒழுங்குமுறையாகப் பார்ப்பதன் பயன் இத்தகைய இடங்களில்தான் தெரியும்.

படி 5: தலையின் ஓரமும் முட்களும்

தலைக்கவசத்தின் மூலையிலிருந்து பின்னோக்கி நீளும் கன்னமுள் இக்குழுவில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உண்டு. ஓலெனெல்லினாவில் அதற்கும் கிளபெல்லாவுக்கும் இடையே, பின்விளிம்பில் இடைமுள் என்னும் இன்னொரு முள்ளோ அதன் சிறு தடயமோ இருக்கும். கன்னமுள் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பது பேரினத்தைக் கண்டறிய உதவும். பிரிஸ்டோலியாவில் அது வெகுவாக முன்னே நகர்ந்துவிட்டதால் தலைக்குக் கோணலான, ஏறக்குறையச் சதுரமான தோற்றம் வந்துவிடுகிறது. பீச்செல்லா இடிங்சியில் கன்னமுள் கூர்மையை இழந்து குமிழாக உப்பியிருக்கும். கலிபோர்னியா, நெவாடா பகுதிப் பாறைகளில் கிடைக்கும் இவ்விரண்டையும் தலையைக் கொண்டே அடையாளம் காணலாம். முள் உப்பியதன் பயன் என்ன என்பதற்கு நம்பத்தக்க விளக்கம் எதையும் நான் கண்டதில்லை.

படி 6: அடிப்புறம்

தலையின் அடியில் முன்விளிம்பை ஒட்டி முன்தட்டு ஒன்றும், அதன் பின்னே வாயை மூடியிருந்த வாய்த்தட்டும் உண்டு. ஓலெனெல்லினாவில் முன்தட்டு ஒரு கன்னமூலை முதல் மறு கன்னமூலை வரை பிறையாக நீள்கிறது. அதைத் தலையுடன் இணைக்கும் தையற்கோடு விளிம்பின் அடிப்புறமாக ஓடுவதால், உரிக்கும்போது தலை விளிம்பிலேயே வாய்திறந்து, விலங்கு முன்புறமாக வெளியேறியது. மேற்புறத் தையற்கோடு இல்லாமலேயே இவை உரித்துக்கொண்டது இவ்வாறுதான். ரெட்லிக்கீனாவிலும் முன்தட்டு அகலமானதே என்றாலும், இருபுறமும் அசையும் கன்னத்துக்கு முன்பாகவே அது முடிந்துவிடுகிறது. இரு துணைவரிசைகளிலும் வாய்த்தட்டு முன்தட்டுடன் நேரடியாக இணைந்திருக்கிறது.

படி 7: மார்புத்துண்டுகளை எண்ணுதல்

துண்டுகளை முன்னிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. எந்தத் துண்டு மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது என்பதையே தேட வேண்டும்.

ஓலெனெல்லஸில் மூன்றாவது துண்டின் பக்கப்பகுதி பெருத்து, நீண்ட முள்ளாகப் பின்னோக்கி நீள்கிறது. 15ஆவது துண்டின் நடு அச்சிலிருந்து மிக நீண்ட முள் ஒன்று புறப்படுகிறது. அதற்குப் பின்னே, மெலிந்து சுருங்கிய பல சிறு துண்டுகளைக் கொண்ட பின்மார்பு உண்டு. அது எளிதில் சிதைந்துவிடக் கூடியது. கிடைத்தாலும் நீண்ட முள்ளின் அடியில் மறைந்திருக்கும். இதனால் ஒரு பெரிய மயக்கம் நேர்ந்தது. கேம்பிரியன் ஆய்வில் ஈடற்றவரான சார்லஸ் வால்காட் 1910இல் இக்குழுவைப் பற்றி விரிவாக எழுதியபோதும், அந்த முள்ளை உடலின் இறுதியான வால்முள்ளாகவே கருதி, குதிரைலாட நண்டுகளின் கால்வழியோடு தொடர்புபடுத்தினார். முள்ளுக்குப் பின்னும் துண்டுகள் தொடர்வது தெளிவானபோது அந்த உறவு அடிப்படையற்றதாயிற்று. ஆகவே நீண்ட அச்சு முள் கொண்ட மாதிரியைக் கண்டால், முள்ளின் அடியையும் அதன் இரு பக்கங்களையும் துலக்கிப் பார்க்காமல் உடல் அங்கே முடிந்தது என்று எழுதிவிடக் கூடாது.

ஃபாலோடாஸ்பிடாய்டியாவில் மூன்றாவது துண்டு பொதுவாகப் பெருப்பதில்லை.

ரெட்லிக்கீனாவில் வியப்புக்குரியது எமுவெல்லிடே குடும்பம். தென் ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் எமுவெல்லா, பால்கோராகானியா ஆகியவற்றில் முன்மார்பு ஆறே துண்டுகளைக் கொண்டது. ஐந்தாவதும் ஆறாவதும் ஒன்றாக இணைந்து பெருத்திருக்கும். அதற்குப் பின்னே குறுகிய துண்டுகள் நீளமாகத் தொடர்கின்றன. பால்கோராகானியா டெய்லியில் மொத்தம் 103 மார்புத்துண்டுகள் வரை எண்ணப்பட்டுள்ளன. டிரைலோபைட்டுகளிலேயே இதுதான் உச்சம். பின்மார்பு என்னும் அமைப்பு ஓலெனெல்லஸிலும் எமுவெல்லிடேயிலும் இருப்பது பொதுமூதாதையரிடமிருந்து வந்ததா, தனித்தனியே தோன்றியதா என்பது எளிதில் முடிவுகட்டக்கூடியதன்று.

படி 8: வால்தட்டும் கால்களும்

வால்தட்டு இக்குழுவில் மிகச் சிறியது. பல மாதிரிகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய வால்தட்டு இருந்தால் ரெட்லிக்கீடா என்ற எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யலாம்.

கால்களும் உணர்கொம்புகளும் கனிமமாகாதவை என்பதால் அரிதாகவே கிடைக்கும். பென்சில்வேனியாவின் ஓலெனெல்லஸ் கெட்சியில் உணர்கொம்புகள் இருப்பது 1925இலேயே பதிவாயிற்று. சீனாவின் செங்ஜியாங் படிவுகளில் ஈயோரெட்லிக்கியாவின் இருகிளைக் கால்கள் கிடைத்துள்ளன. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் எமு பே களிப்பாறையிலிருந்து 2019இல் விவரிக்கப்பட்ட ரெட்லிக்கியா ரெக்ஸ் கால் மீட்டரை எட்டும் பேருருவம் கொண்டது; அதன் கால்களின் அடிப்பகுதியிலிருந்த தடித்த முட்கள் கடின ஓடுகளை நொறுக்கவும் வல்லவை என்று கருதப்படுகிறது. ஆனால் வகைப்பாட்டுக்குக் கால்கள் இதுவரை பெரிதாக உதவவில்லை, ஏனெனில் ஒப்பிடுவதற்குப் போதுமான இனங்களில் அவை கிடைக்கவில்லை.

படி 9: வளர்ச்சியும் நசுங்கலும்

புது இனம் என்று முடிவெடுக்குமுன் இரண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது வயது. ஓலெனெல்லஸின் இளம் உயிரிகளில் இடைமுள் நீண்டு முனைப்பாக இருந்து, வளர வளரக் குறுகிவிடுகிறது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் தலையையும் இரண்டு சென்டிமீட்டர் தலையையும் பக்கத்தில் வைத்தால் வெவ்வேறு பேரினங்களாகவே தோன்றும். அளவு வரிசைப்படி பல மாதிரிகளை அடுக்கி, முள்ளும் கண்மேடும் படிப்படியாக மாறுகின்றனவா என்று பார்ப்பதே இதற்குத் தீர்வு. மற்ற டிரைலோபைட்டுகளில் முட்டையிலிருந்து வந்தவுடன் காணப்படும், துண்டுகளாகப் பிரியாத ஒற்றை ஓட்டுப் பருவம் ஓலெனெல்லினாவில் கிடைத்ததில்லை. அப்பருவத்தில் அவற்றின் ஓடு கனிமமாகாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது, பாறையின் அழுத்தம். களிப்பாறையில் தலைக்கவசம் தட்டையாக நசுங்கும்போது முட்களின் கோணமும், கிளபெல்லாவின் அகலமும், கண்மேட்டின் இடமும் மாறுகின்றன. மார்க் வெப்ஸ்டரும் நைஜல் ஹியூஸும் 1999இல், நசுங்காத மாதிரிகளையும் நசுங்கியவற்றையும் ஒப்பிட்டு, இந்த மாற்றம் இன வேறுபாடு என்று மயங்கும் அளவுக்குச் செல்லக்கூடும் என்று காட்டினர். பழைய நூல்களில் கோண அளவை மட்டும் நம்பிப் பிரிக்கப்பட்ட இனங்களை ஐயத்துடனே அணுகுகிறேன்.

படி 10: வகைப்படுத்துதல்

இப்போது குறிப்புகளைக் கொண்டு கீழிறங்கலாம். மேற்புறத் தையற்கோடு இல்லை, வால்தட்டு மிகச் சிறியது, கண்மேடு முன்மடலில் ஒட்டியது என்றால் ஓலெனெல்லினா. அதில் கண்மேடு முன்மடலின் பக்கம் முழுவதையும் தழுவினால் ஃபாலோடாஸ்பிடாய்டியா. ஃபாலோடாஸ்பிடிடே, ஜூடோமிடே, நெவாடிடே ஆகியவை அதன் குடும்பங்களுட் சில. பின்மூலையை மட்டும் தொட்டால் ஓலெனெல்லாய்டியா. அதில் ஓலெனெல்லிடே, ஹோல்மிடே என்ற இரு குடும்பங்கள் உண்டு. தையற்கோடு இருந்தால் ரெட்லிக்கீனா. அங்கே இணைந்து பெருத்த ஐந்தாம், ஆறாம் துண்டுகள் எமுவெல்லாய்டியாவையும், ஒடுங்கும் கிளபெல்லா ரெட்லிக்கியாய்டியாவையும், முன்னே பருக்கும் கிளபெல்லா பாரடாக்சிடாய்டியாவையும் சுட்டும்.

கிடைத்த இடமும் காலமும் துணைச்சான்றாகும், முதற்சான்று ஆகா. ஓலெனெல்லிடே பண்டைய வட அமெரிக்கக் கண்டத்துக்குரியது. ஸ்காட்லாந்தின் வடமேற்கிலும் அது கிடைப்பதற்குக் காரணம் அந்நிலம் அன்று அக்கண்டத்தின் பகுதியாக இருந்ததே. ஹோல்மிடே குடும்பத்தை ஸ்காண்டினேவியாவிலும், ரெட்லிக்கியாவை ஆஸ்திரேலியா, சீனா, உப்பு மலைத்தொடர் ஆகிய இடங்களிலும் காணலாம். ரெட்லிக்கியா முதலில் விவரிக்கப்பட்டதே இன்றைய பாகிஸ்தானிலுள்ள அந்த உப்பு மலைத்தொடரிலிருந்துதான்: கார்ல் ரெட்லிக் 1899இல் அதற்கு ஹோஃபெரியா என்று பெயரிட்டார், அப்பெயர் ஏற்கெனவே வேறோர் உயிரிக்கு வழங்கியதால், 1902இல் கோஸ்மன் ரெட்லிக்கின் பெயரையே சூட்டினார். காலத்தைப் பொறுத்தவரை, கேம்பிரியன் இரண்டாம் தொடர் முடியும்போது ஓலெனெல்லினா மறைந்துவிட்டது. பாரடாக்சைடிஸ் குடும்பம் அதற்கு அடுத்த தொடரில் செழித்தது.

வகைப்பாட்டில் தீராத சிக்கல்

தையற்கோடு ஓலெனெல்லினாவில் ஏன் இல்லை என்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு. முன்பு இருந்த கோடு பின்னர் மூடிக்கொண்டது என்பது பழைய கருத்து. கோடு தோன்றுவதற்கு முந்தைய நிலையையே இவை காட்டுகின்றன என்பது இன்று வலுப்பெற்ற கருத்து. கனிம ஓடற்ற நராவோயா போன்ற நெருங்கிய உறவினங்களிலும் இக்கோடு இல்லாதது இதற்கு ஆதரவாகிறது. இரண்டாவது விளக்கம் சரியெனில் ஒரு விளைவு பின்தொடர்கிறது: பழைய பண்பு ஒன்று மாறாமல் நீடிப்பது உறவுக்குச் சான்றாகாது. புதிதாகத் தோன்றிப் பகிரப்படும் பண்பே உறவைக் காட்டும். புரூஸ் லீபர்மன் 1998 முதல் செய்த கிளைவழிப் பகுப்பாய்வுகள் (பகிரப்படும் புதுப் பண்புகளைக் கொண்டு உறவைக் கணிப்பவை), ஃபாலோடாஸ்பிடாய்டியாவின் சில கிளைகள் ஓலெனெல்லஸைவிட ரெட்லிக்கீனாவுக்கு நெருக்கமானவை என்று காட்டின. அதாவது ஓலெனெல்லினா என்பது ஒரு முழுக்கிளை அன்று, பல கிளைகளின் அடிப்பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. ரெட்லிக்கீடாவும் அவ்வாறே; பிற வரிசைகள் பலவும் ரெட்லிக்கீனாவிலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம். ஓலெனெல்லினாவைத் தனி வரிசையாகவே உயர்த்துவோரும் உண்டு. அப்படி உயர்த்துவதால் பெயர் மாறுகிறதே தவிர, இந்தச் சிக்கல் தீர்வதில்லை என்பது என் கருத்து. எனினும் அடையாளம் காண்பதற்கான கருவியாக இப்பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன. அந்த எல்லைக்குள் அவற்றைக் கையாள்வதில் தவறில்லை.

படி 11: பெயரைப் பதிவு செய்தல்

மாதிரி எவ்வளவு அனுமதிக்கிறதோ அந்த மட்டத்தோடு நிறுத்த வேண்டும். கண்மேட்டின் ஒட்டும் இடம் உடைந்திருந்தால் ஓலெனெல்லினா என்றே எழுதலாம். மேற்குடும்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பேரினம் தெளிவாகவும் இனம் ஐயமாகவும் இருந்தால் பேரினப் பெயரோடு, எந்த இனத்தை ஒத்திருக்கிறது என்பதைக் குறிக்க வேண்டும். பார்த்த பண்பு, பார்க்க முடியாத பண்பு, இல்லையென உறுதியான பண்பு என மூன்றையும் வெவ்வேறாக எழுத வேண்டும். குறிப்பாகத் தையற்கோட்டைப் பொறுத்தவரை, "இல்லை" என்று எழுதும் இடத்தில் அம்முடிவுக்கு எத்தனை தலைக்கவசங்கள் ஆதாரம் என்பதையும், அவற்றுடன் அதே அடுக்கில் தனிக் கன்னங்கள் தேடப்பட்டனவா என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும்.